நான் தளர்த்திய இரண்டு படி

ஆத்தா,

இதை டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் படிக்காதே. லீவு நாளில், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, உட்கார்ந்து படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை கூப்பிட்டேன். நீ "என்னப்பா" என்று கேட்டதும் வாய் கட்டிக்கொண்டது. "சும்மாதான், சாப்டியா" என்று கேட்டு வைத்துவிட்டேன். நேரில் சொல்லலாம் என்றால், உன் முகத்தைப் பார்த்தால் இன்னொரு பொய் சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரியும். பேனாவைப் பிடித்து இவ்வளவு எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மாசி மாதம் தேனி ஆஸ்பத்திரியில் நீ உன் அம்மாவைத் திட்டினாய். "யாரு உன்னைய எந்திரிக்கச் சொன்னது? படுத்துக் கெடன்னா கெடக்க மாட்டியா? நர்ஸு பிள்ளையப் பெத்து வச்சிக்கிட்டு இப்பிடிப் பண்ணுனா நான் யாருட்டப் போய்ச் சொல்ல?" என்று கேட்டாய். அழுதுகொண்டேதான் கேட்டாய். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பண்ணிட்டேன் ஆத்தா, இனிமே எந்திரிக்க மாட்டேன்" என்றாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஆத்தா, அவள் கட்டிலிலிருந்து விழவில்லை. உன் கல்யாணத்தன்று அவளுக்குக் காய்ச்சலும் இல்லை. இரண்டும் பொய். காய்ச்சல் என்ற பொய்யை நான் சொன்னேன். கட்டில் என்ற பொய்யை எனக்காக அவள் சொன்னாள். அவள் வாங்கிய திட்டு என்னுடையது. அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆடி மாதத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். மழையில் ஏலக்காய் மூட்டையோடு ஓடைப்பாறையில் உன் அம்மா சறுக்கி உட்கார்ந்தாளே, அன்று அவளை இறக்கிய விதம் உனக்குத் தெரியாது. கம்பளியில் தூளி மாதிரி கட்டி, மூங்கிலில் கோத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஜீப்பு நிற்கிற இடம் வரைக்கும் இறங்கினோம். இடுப்புக்கு மேலே எலும்பு நசுங்கிக் கிடக்கிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்? தூளியில் உடம்பு வளைந்து தொங்கியது. ஒவ்வொரு எட்டுக்கும் அவள் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜீப்பில் ஏற்றியதும், "இன்னொரு தடவ என்னையத் தூளில கட்டாதீங்க, அதுக்கு இங்கனயே விட்டுட்டுப் போயிருங்க" என்று கெஞ்சினாள். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆள் வைத்துத் தூக்குவது என்பதே என் புத்திக்கு வரவில்லை. தூக்குவது என்றால் தூளி, தூளி என்றால் வலி. என் அறிவு அங்கேயே நின்றுவிட்டது.

தேனியில் பெல்ட் போட்டு அனுப்பியபோது நீ தெளிவாகச் சொன்னாய். மலைக்கு ஏற்றாதே, சிலமலையில் அத்தை வீட்டுப் பக்கம் ஒரு வீடு பார், சமதரையில் இருக்கட்டும் என்றாய். சரி என்றுதான் சொன்னேன். பதினைந்து நாளில் அவளைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டேன். அம்மாதான் அவள் வீட்டுக்குப் போகணும் என்றாள் என்று உன்னிடம் சொன்னேன். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் அவள் சொல்லாவிட்டாலும் நான் கொண்டுபோயிருப்பேன். புரட்டாசியில் காய் எடுப்பு மும்முரம். சூப்பர்வைசர் நான் இல்லை என்றால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று பயந்தேன். இருபத்து நான்கு வருஷமாக அந்தத் தோட்டம்தான் எனக்கு ஊர். கீழே வந்தால் நான் யார்? அந்தப் பயத்தை அவளுடைய ஆசை என்று பேர் மாற்றி உன்னிடம் சொன்னேன்.

ஏற்றியது அந்த நான்கு சக்கர வண்டியில். முதலாளி அதை ஏடிவி என்பார். காய் மூட்டையும் மருந்து டிரம்மும் ஏற்றுவதற்கென்று பழைய வண்டியாக வாங்கி வந்தது. தடித்த நான்கு டயர், முன்னும் பின்னும் இரும்புக் கேரியர், பைக்கு மாதிரி ஹேண்டில்பார். ஜீப்பு ஏறாத ஒற்றையடிப் பாதையில்கூட ஏறும். கல்லுக்குக் கல் துள்ளித் துள்ளிப் போவதால் பக்கத்து வீட்டு முத்தம்மா அதற்குத் தவக்களை வண்டி என்று பேர் வைத்தாள். அந்தத் தவக்களையின் பின் கேரியரில் இரண்டு தலையணையைக் கட்டி உன் அம்மாவை உட்கார வைத்தேன். ஜீப்பு ரோட்டிலிருந்து லயத்து வரிசையில் நம் வீடு வரைக்கும் என் முதுகோடு ஒட்டியே வந்தாள். இறக்கும்போது பார்த்தால், என் சட்டையைப் பிடித்திருந்த கையைப் பிரிக்க முடியவில்லை. விரல் ஒவ்வொன்றாக நானே பிரித்தேன். மறுநாளிலிருந்து அவளால் புரண்டு படுக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் மறுபடி காட்டச் சொல்லியிருந்தார்கள். போய்க் காட்டிவிட்டோம், எலும்பு கூடி வருகிறதாம் என்று உன்னிடம் சொன்னேனே, நாங்கள் போகவே இல்லை. எக்ஸ்ரே படத்தை அனுப்பு என்று நீ கேட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்றேன். போடிமெட்டுக்கு ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பது உனக்கும் தெரியும். நீ நம்பினாயா, நம்புவது போல் இருந்தாயா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் உன் கல்யாணம் நிச்சயமானது. தையில் முகூர்த்தம், போடியில் மண்டபம். செய்தி சொன்னபோது உன் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "என்னைய எப்பிடிக் கொண்டு போவீங்க?" என்று மட்டும் கேட்டாள். "வண்டிய மெத்து மெத்துன்னு ஆக்கிர்றேன். ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாமக் கொண்டு போறேன்" என்றேன். அன்றிலிருந்து இரண்டு மாதம் எனக்கு அதுவே சோலி.

போடியில் ஜீப்பு வேலை பார்க்கும் ராசுவை உனக்குத் தெரியும். நீ நர்ஸிங் சேர்ந்த அன்று, வழியில் நின்றுபோன ஜீப்பை வந்து கிளப்பிக் கொடுத்து, பஸ்சைப் பிடிக்க வைத்தானே, அவன்தான். அவனை மலைக்குக் கூட்டி வந்தேன். வண்டியைச் சுற்றி வந்து டயரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிப்பது போல் கல்லாகக் காற்று அடித்து வைத்திருந்தேன். இந்த டயருக்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட வேண்டாமாம். காற்று குறைவாக இருந்தால்தான் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், நிறைந்திருந்தால் கல் வண்டியைத் தூக்கி எறியும் என்றான். அவன் காற்றை இறக்கியபோது வந்த 'உஸ்' சத்தத்தை நான் மறக்க மாட்டேன். புரட்டாசியில் அவள் பட்ட பாட்டில் பாதி அந்தக் காற்றால் வந்தது. அரை நிமிஷ வேலை. யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டிலும் எண்ணெய் கசிந்து போயிருந்தது, புதிதாக வரவழைத்தான். சக்கரத்தைப் பிடித்திருக்கிற கைகளில் ரப்பர் புஷ் தேய்ந்து லொடலொடவென்று ஆடியது, மாற்றினான். ஹேண்டிலை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அதற்கு நூல் கட்டி முன் சக்கரங்களை நேராக்கினான். பின் கேரியரைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஒட்டி எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக ஒரு நாற்காலியைப் பொருத்தினான். "ஆளு ஒக்கார்றதுக்கு இந்தப் பின்பக்கத்தைச் செய்யலண்ணே. நீங்க கேக்குறீகன்னு செய்யிறேன்" என்று அப்போதே சொன்னான். நான் அந்த நாற்காலிக்கு மெத்தை தைத்தேன். அடியில் தென்னைநார், அதன்மேல் ரப்பர், மேலே உன் பழைய போர்வை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் மூடியில்லாத தூக்குவாளியில் தண்ணீர் நிரப்பி, நாற்காலியில் கட்டி, ஜீப்பு ரோடு வரைக்கும் இறங்கிப் பார்ப்பேன். முதல் நாள் வாளியில் ஒரு கை தண்ணீர்தான் மிச்சம். காற்றைக் குறைத்த பிறகு பாதி. ஷாக் மாற்றிய பிறகு கழுத்துவரைக்கும் நின்றது. திரும்பி வந்து வாளியைக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் காட்டுவேன். படுத்தபடியே எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். முத்தம்மா வாசலில் நின்று, "வாளிக்கு இடுப்பு வலிக்காதுண்ணே" என்றாள். நான் அவளை முறைத்தேன்.

இப்போது யோசித்தால் தெரிகிறது, ஆத்தா. அந்த இரண்டு மாதமும் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததே குறைவு. தோட்ட வேலை முடிந்தால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். கையில் ஸ்பேனர் இருக்கிறவரைக்கும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வலிக்கிறதா என்று கேட்க வேண்டியதில்லை. ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே காட்டிக்கொண்டேன். அவளும் அதைப் பார்த்து மகிழ்வது போலவே இருந்தாள். ஒரு தடவை மட்டும், "செத்த நேரம் இங்கன ஒக்காருங்களேன்" என்றாள். ஒரு நட்டை முறுக்கிவிட்டு வர்றேன் என்று சொல்லிப் போனேன். திரும்பி வந்தபோது தூங்கியிருந்தாள். மாப்பிள்ளை கெட்டிக்காரர், கை வேலை தெரிந்தவர் என்று நீ பெருமையாகச் சொன்னாய். நல்லதுதான். ஆனால் நீ வலியோடு கிடக்கும் நாளில் அவர் ஏதாவது ஒன்றைச் சரி பண்ண எழுந்து போனால், போக விடாதே. கையைப் பிடித்து உட்கார வை. உன் அம்மா என்னை உட்கார வைக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இனி ஸ்பிரிங் கதை. அந்த வண்டியின் ஷாக்கில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஐந்து படி. கொக்கி ஸ்பேனரால் திருப்பினால் படி ஏறும், ஸ்பிரிங் இறுகும். இறக்கினால் தளரும். மூட்டை ஏற்றுவதற்காக அது எப்போதும் ஐந்தாம் படியில் இருந்தது. நான் அதை ஒன்றாம் படிக்கு இறக்கினேன். அடடா, தொட்டில் மாதிரி ஆனது வண்டி. வாளியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. ராசு அன்று உன் அம்மாவின் எடைக்கு மணல் மூட்டையை நாற்காலியில் கட்டி, ஓடைக்கு மேலே பாதை பள்ளத்துப் பக்கம் சரிந்திருக்குமே, அந்த வளைவில் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்தவன் முகம் மாறியிருந்தது. "மெத்துன்னு ஆக்குனா சாயும்ணே. வெயிட்டு மேல இருக்கு, ஸ்பிரிங்கு தளந்து கெடக்கு, பள்ளத்துப் பக்கம் அமுங்குது. ரெண்டும் ஒண்ணா வராது" என்றான். சக்கரங்களை வெளியே தள்ளி வைத்து அகலமாக்கலாம் என்றால் பாதை அவ்வளவு அகலம் இல்லை. கடைசியில் வளையத்தை மூன்றாம் படியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "ரெண்டு படி ஏத்தி வச்சிருக்கேன். அக்காவுக்குக் கொஞ்சம் குலுங்கும், பொறுத்துக்கிரட்டும். இதை மட்டும் தொட்றாதீங்க."

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். வாசலில் ஒரு பலாவேர் புடைத்திருக்குமே, அதன்மேல் ஏறி இறங்கியதும் "ஹக்" என்று மூச்சைப் பிடித்தாள். சின்னச் சத்தம்தான். எனக்குத் தூளி ஞாபகம் வந்துவிட்டது. அவளை இறக்கிப் படுக்க வைத்துவிட்டு, கொக்கி ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் இரண்டு படி தளர்த்தினேன். மறுபடி உட்கார வைத்து வேரின்மேல் ஏற்றினேன். "இப்ப பரவாயில்ல" என்றாள். சரிந்த வளைவு என் நினைவில் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மெதுவாகப் போனால் தாண்டிவிடலாம், நான் மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். வண்டி ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும் வருகிற நினைப்புதான்.

மறுநாள், கல்யாணத்தன்று காலையில் அவளுக்கு அந்த அரக்குப் பட்டைக் கட்டிவிட்டது முத்தம்மா. படுக்க வைத்தே கட்டினாள். தலையில் பூ. இடுப்பில் பெல்ட்டுக்கு மேலே பட்டு. நாற்காலியில் உட்கார வைத்து, சாய்ந்துவிடாமல் இருக்க, தோளுக்கும் வயிற்றுக்கும் துணியால் கட்டினேன். நான் கோடி வேட்டியோடு முன்னால் ஏறினேன். முத்தம்மாவும் லயத்துப் பொம்பளைகள் ஏழு பேரும் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டு பின்னால் நடந்து வந்தார்கள். கீழே ஜீப்பு காத்திருந்தது. முதல் இரண்டு வளைவில் ஒரு குலுக்கல் இல்லை. உன் அம்மா என் தோளில் கை வைத்து, "பாப்பாக்கு என்ன கலர் சேலை?" என்று கேட்டாள். மாம்பழக் கலர் என்றேன். "அது அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றாள்.

சரிந்த வளைவில் வேகமே இல்லை. நடக்கிற வேகம்தான். பள்ளத்துப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கியது. அமுங்கிக்கொண்டே போனது. நான் மேட்டுப் பக்கம் சாய்ந்தேன். அவள் எப்படிச் சாய்வாள்? அவளைத்தான் நான் கட்டி வைத்திருந்தேனே. மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்ததைப் பார்த்தேன். குதித்து, அந்தப் பக்கம் தொங்கிப் பிடித்தேன். என் எடை போதவில்லை. எருமை படுப்பது போல மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏலத்தட்டைகளின்மேல் வண்டி பக்கவாட்டில் படுத்தது. உருளவில்லை. செடிகள் தாங்கிக்கொண்டன. உன் அம்மா கட்டிய கட்டோடு, ஒருக்களித்து, முகத்தில் இலை மூடிக் கிடந்தாள். கத்தவில்லை. நான்தான் கத்தினேன். "இஞ்சின அமத்துங்க மொதல்ல" என்றாள்.

பொம்பளைகள் ஓடி வந்தார்கள். கட்டை அறுக்கப் போன என்னைத் தள்ளிவிட்டு, முத்தம்மா ஓடைப் பக்கத்துப் பம்பு ஷெட்டின் மரக்கதவைக் கழற்றிக் கொண்டாங்கடி என்றாள். உன் அம்மா உட்கார்ந்திருந்த நிலை மாறாமல் எட்டுக் கை தாங்க, மெல்ல எடுத்து அந்தக் கதவில் கிடத்தினார்கள். காலை அசை என்றார்கள். அசைத்தாள். அப்போதே அவளைக் கீழே கொண்டுபோயிருக்க வேண்டும், ஆத்தா. ஜீப்பு நின்றது. தேனிக்குப் போயிருக்கலாம். அவள் விடவில்லை. "என்னைய ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா நீங்களும் அங்கனதான் நிப்பீங்க. தாரை வாக்க ஆளில்லாம பிள்ள மணவறைல நிக்கும். என்னைய வீட்டுல போடுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க வெரசாப் போங்க" என்றாள். பிறகு, "பாப்பாட்டக் காச்சல்னு சொல்லுங்க. நல்ல நாள் அதுவுமா அழுவா" என்றாள். முத்தம்மாவும் மூன்று பேரும் கதவைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். நான் கீழே இறங்கினேன். முகூர்த்தத்துக்காகத்தான் இறங்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன நடந்தது என்று கேட்பார்கள் என்ற பயமும் அந்தக் காலில் இருந்தது.

மண்டபத்தில் நீ கேட்டாய், "அம்மா எங்கப்பா?" காய்ச்சல் என்றேன். "வேட்டில எப்பிடிப்பா இவ்வளவு மண்ணு?" என்று கேட்டாய். வழுக்கிவிட்டது என்றேன். தாலி ஏறுகிற நேரத்திலும் உன் கண் வாசலைப் பார்த்துத் திரும்பியதை நான் பார்த்தேன். அவள் வருவாள் என்று இரண்டு மாதமாக உன்னிடம் பெருமை பேசியவன் நான்தான்.

நான்கு நாள் கழித்து இடது பாதத்தில் உணர்ச்சி இல்லை என்று சொன்னாள். எப்போதிருந்து என்றேன். இரண்டு நாளாக என்றாள். நீயும் மாப்பிள்ளையும் அத்தை வீட்டில் மறுவீடு முடிந்து கோயம்புத்தூர் போய்ச் சேரட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். அன்று தூளியும் இல்லை, வண்டியும் இல்லை. முத்தம்மா அதே கதவைக் கொண்டு வந்தாள். மேலே என் மெத்தையைப் போட்டு உன் அம்மாவைக் கிடத்தினார்கள். பக்கத்துக்கு மூன்று பேர், தோள் மாற்றத் தோட்டம் முழுக்க ஆள். சரிந்த வளைவில் கதவைத் தலைக்கு மேலே உயர்த்தி, கால் மாற்றிக் கால் வைத்துத் தாண்டினார்கள். ஜீப்பு ரோட்டில் இறக்கியதும், வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சும்மா சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை இல்லை, பல் கடிக்கவில்லை. "இப்பிடியே அன்னைக்குக் கொண்டு போயிருந்தா பாப்பா கல்யாணத்தப் பாத்திருப்பேன்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஆத்தா. பஸ்சு போன பிறகு, அடுத்த பஸ்சு எப்போது என்று கேட்பது போலச் சொன்னாள். ஒரு மரக்கதவு. எட்டுப் பொம்பளைகள். எப்படித் தூக்கலாம் என்று இரண்டு மாதத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முத்தம்மா சொல்லியிருப்பாள். வாளிக்கு இடுப்பு வலிக்காது என்று அவள் சொன்னபோதே, அடுத்த வார்த்தையைச் சொல்ல நான் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டு, கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன் என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆபரேஷன் முடிந்து நீ வந்தாய். அவளைத் திட்டினாய். மிச்சம் உனக்குத் தெரியும். நரம்பு நசுங்கியிருக்கிறது, திரும்பினால் திரும்பும், காலம் ஆகும் என்றார் டாக்டர். ஒரு நாள் அவரைத் தனியாகப் பிடித்து, விழுந்த அன்றைக்கே கொண்டு வந்திருந்தால் என்று கேட்டேன். அதை இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஒரு வழியாக இருந்திருக்கும்.

வண்டியை நிமிர்த்த ராசு வந்தான். குனிந்து ஸ்பிரிங் வளையத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "ரெண்டு படி எறங்கியிருக்கே அண்ணே" என்றான். "நான்தான்" என்றேன். கொக்கி ஸ்பேனரை எடுத்து மறுபடி மூன்றாம் படிக்கு ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். அவனுக்கும் எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது இந்த இரண்டு படி. இப்போது உனக்கும்.

நீ ஆசைப்பட்டபடி சிலமலையில் வீடு எடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னேன், அது உண்மை. தோட்டத்து வேலையை விட்டுவிட்டேன், அதுவும் உண்மை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. புரட்டாசியில் எதை விட முடியாது என்று பயந்தேனோ அதை விட ஒரு நாள்கூட ஆகவில்லை. முதலாளி நல்லபடியாகவே அனுப்பினார். வேறு ஆள் வந்துவிட்டான். வீடு சமதரை, வாசலில் ஒரு படிகூட இல்லை. அத்தை பகலில் வந்து பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் நீ சொன்னது போலவே இருக்கிறது, ஆறு மாதம் பிந்தி.

இதை எழுதப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றாள். "அவ உங்ககிட்டப் பேசாமப் போயிருவா. எனக்குக் காலு போனது போகட்டும், உங்களுக்குப் பிள்ள போக வேணாம்" என்றாள். அவள் கண்ணுக்கு மறைவாகக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என்னோடு பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. எவ்வளவு நாள் வேண்டுமானாலும். ஆனால் அடுத்து வரும்போது அவளிடம், திட்டியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஏன் என்று கேட்டால் சும்மா என்று சொல். மன்னிப்பு வாங்கிக் கொடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ நர்ஸு, உனக்குத்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் அவள் இடது பாதத்தைக் கையில் எடுத்து எண்ணெய் தேய்த்து, விரல் விரலாக அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பேன். மூன்று வாரமாகத் தெரியுது என்கிறாள். கட்டைவிரலா, சுண்டுவிரலா என்றால் சரியாகச் சொல்லுவாள். நான் வரிசையாகத்தானே அழுத்துகிறேன், எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். உனக்குப் போனில் கால் தேறி வருகிறது என்று சொன்னதெல்லாம் அதை நம்பித்தான். நேற்றுக் காலையில் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். நான் பாதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு கையையும் என் மடியில் வைத்துக்கொண்டு, "தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுதுங்க" என்றாள்.

உன் அப்பா